மூக்கன்குளத்தில் எத்தனை பேர்

பெங்களூரு,
ஜூலை 14

அன்புள்ள மதினிக்கு,

இதைப் பரளச்சிப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவார். போன் செய்யலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர் செல்போன் டவர் நின்றுபோன பிறகு நீங்கள் கையில் போன் வைத்துக்கொள்வதில்லை. சத்துணவுக் கூடத்தில் நின்றுகொண்டு டீச்சர் போனில் நாம் என்ன பேச முடியும்? போன தடவை நான் அழுதேன், நீங்கள் அண்ணனுக்காகப் பேசினீர்கள், பாதியில் வைத்துவிட்டோம். எழுதினால் கடைசி வரி வரைக்கும் சொல்லிவிடலாம்.

மாசி மாதம் அருப்புக்கோட்டைக் கூட்டத்தில் நான் திரையில் காட்டிய வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எந்த ஊரை வறட்சி எவ்வளவு தாக்கும், அப்போது அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஏஐ கணித்துச் சொல்லும் படம் அது. மூக்கன்குளத்தின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. வெள்ளை என்றால் ஆள் இல்லை. விவசாயிகள் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எழுந்து நின்று, "ஏத்தா, அந்தப் படத்துல நாங்க எங்க போயிட்டோம்?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. நான் அடுத்த படத்தைப் போட்டுவிட்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் குடிநீர்க் குழாயை நம் ஊருக்குத் திருப்பாமல் நேரே கொண்டுபோக வரைந்திருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை, இங்கே என் ஆய்வைப் பரிசீலிக்கும் கூட்டம். குழாய்த் திட்டத்து அதிகாரியும் வருகிறார். திருத்திய எண்ணிக்கை இருந்தால் பாதையை மாற்றலாம் என்றிருக்கிறார். டாக்டர் பட்டத்துக்குப் பிறகு நான் பார்க்கிற இந்த போஸ்ட்டாக் ஆய்வு வேலை இன்னும் இரண்டு வருஷம் நீளுமா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

அதனால் ஓர் உதவி. எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறார்கள் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? இந்த ஏஐ இயந்திரமும் அப்படித்தான். இரவில் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியும் வெளிச்சம், மின்சாரம் எரிந்த அளவு, போன்களின் நடமாட்டம், இவற்றை வைத்து ஆள் கணக்குச் சொல்கிறது. மற்ற ஊர்களில் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நம் ஊரில் மட்டும் அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரே இறக்கமாகப் பூஜ்யத்தில் போய் நிற்கிறது. ஏதோ பிழைதான். நீங்கள் சொன்னால் சரிசெய்துவிடுவேன்.

அன்புடன்,
ஜீவிதா


மூக்கன்குளம்,
ஆடி 9

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் மறுபடி ஒரு பரீட்சையா? எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்போடு அந்தத் தொல்லை முடிந்துவிடும்.

ஆள் இருக்கிற வீடு பதினொன்று. வடக்குத் தெருவில் மாரிக்கனி வீடு மட்டும்தான். நம் தெருவில் நாம், எதிரில் ஐயாத்துரை மாமா, மற்றதெல்லாம் கிழக்கே. மீதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. பங்குனியில் பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். அங்கே நான் சமைத்த பெரிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நான் பரளச்சிக்குச் சமைக்கப் போகிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? வகுப்பில் ஒரு பிள்ளையை டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே நாலு நாள் விட்டுவிட்டால், ஐந்தாம் நாள் அந்தப் பிள்ளை வராது. அடிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். வருகைப் பதிவில் பெயரைத் தாண்டிப் போனால் போதும். உன் படம் ஊருக்குச் செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்மேல் கோபத்தில் எழுதவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

உன் அண்ணன் கோடை உழவை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார். கேட்டால், "அவ மிசினுல நாம இல்லையாம்ல. அப்ப இந்தக் கரிசல உழுதது யாரு? பேயா?" என்கிறார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். ஆனால் பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்கு அத்தனையையும் போட்டுவிட்டு, நடுவாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். "பாத்துக்கிடட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வருகிறார். யார் பார்க்கவேண்டும் என்று நான் கேட்பதில்லை.

முருகலட்சுமி


பெங்களூரு,
ஆகஸ்ட் 11

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் பதினொரு வீட்டையும் சேர்த்தேன். இந்த வாரத்துக்கு எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் அக்டோபர் இரண்டாம் வாரம் அதே பூஜ்யம்.

பரீட்சித்துப் பார்க்க, ஆவணியிலேயே நல்ல மழை பெய்ததாகப் பொய்யாகக் கொடுத்தேன். மற்ற ஊர்களில் எண்ணிக்கை ஏறியது. நம் ஊரில் பூஜ்யம். அறுபது வீட்டிலும் ஆள் இருப்பதாகக் கொடுத்தேன். பூஜ்யம். வாரம்கூட மாறவில்லை. எங்கள் குழுத் தலைவர் அஷ்லின் மேடத்திடம் காட்டினேன். "எதையோ பழசைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. அது என்னன்னு கண்டுபிடி" என்றார். பிறகு, "ஒங்க ஊருல அந்த வாரம் என்ன நடக்கும்?" என்று கேட்டார். ஒன்றும் நடக்காது என்றேன். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லையே மதினி?

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வருகிற வாரத்தோடு வடக்குத் தெரு முழுதும் வெள்ளையாகிறது. மாரிக்கனி அக்கா ஊரில்தான் இருக்கிறார் என்று எழுதுங்கள். அதை மட்டும் எழுதினால் போதும்.

ஜீவிதா


மூக்கன்குளம்,
ஆவணி 6

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

உன் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று காலையில்தான் மாரிக்கனி பை, மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றாள். கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றேன்.

"திருப்பூருக்கு மதினி. மில்லுல ஆள் கேக்காக."

"மழை வந்துட்டா?"

"வரட்டும். குடிக்கத் தண்ணிக் குழாய் நம்மூருக்குத் திரும்பாதாம்ல. இனி லாரித் தண்ணிக்குக் கொடத்த வரிசையில வச்சே கெழவியாயிருவேன். ஒங்க நாத்துனா படிச்ச புள்ள, பொய்யா சொல்லும்?"

"அவ சொல்லலடி. மிசினு சொல்லுது."

"மிசினு பொய் சொல்லுமா மதினி?" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள். ஆட்டை நம் வீட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் போய்த்தான் உன் கடிதத்தைப் படித்தேன். உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவள் போவாள் என்று அதற்கு முன்பே தெரிந்ததா? அல்லது அது சொன்னதால் அவள் போனாளா? நீதான் சொல்லவேண்டும்.

அந்த வாரம் என்ன நடக்கும் என்று கேட்டாய். நேற்று ஊர் கூடிப் பேசினார்கள். புரட்டாசி இருபத்திரண்டு, புதன்கிழமை, மழைச்சோறு எடுக்கப் போகிறோம். நான் பாலவனத்தத்துக்காரி. எங்கள் பக்கம் இது இல்லை. வாக்கப்பட்டு வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். வீட்டுக்கு வீடு உப்பில்லாத கஞ்சி வாங்கி ஒரே பானையில் ஊற்றவேண்டும். பொழுது சாய்ந்ததும் அடுப்பை அவித்து, விளக்கை அணைத்து, கதவைத் திறந்துபோட்டு, கைக்குழந்தை முதற்கொண்டு எல்லாரும் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் ஊருக்கு முதுகு காட்டி உட்காரவேண்டும். கஞ்சியைக் குடித்துவிட்டு, "மழையில்லாத ஊருல இருக்கமாட்டோம், பரதேசம் போறோம்" என்று அழவேண்டும். விடிகிற நேரத்தில் ஊரில் பிறந்த பெண் ஒருத்தி உள்ளேயிருந்து வந்து, ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி, "மழை வருது, திரும்பி வாங்க" என்று கூப்பிடவேண்டும். பெயர் விழுந்தவர்கள் "வாரேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் பார்க்காமல் உள்ளே வரவேண்டும்.

இப்போது சிக்கல் கூப்பிடுவதற்குத்தான். போன தடவை கூப்பிட்ட தங்கச்செல்வியைச் சூரத்துக்குக் கட்டிக்கொடுத்து வெகுகாலமாயிற்று. அவளுடைய அப்பா செத்ததற்குப் பிறகு அவள் இந்தப் பக்கமே வரவில்லை. ஊரில் இப்போது இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் என்னைப்போல வாக்கப்பட்டு வந்தவர்கள்.

முருகலட்சுமி


பெங்களூரு,
செப்டம்பர் 15

அன்புள்ள மதினிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் கடிதம்தான் காட்டிக்கொடுத்தது.

பழைய வறட்சி வருஷங்களின் இரவுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சுற்றிலும் பரளச்சி, திருச்சுழி எல்லாம் மினுங்கிக்கொண்டிருக்க, நம் ஊர் மட்டும் ஒரு ராத்திரி கரிக்கட்டியாக இருக்கிறது. எனக்கு நினைவு வந்தது. சின்னப் பிள்ளையாக அம்மா மடியில் படுத்து, எல்லைக்கல்லுக்கு வெளியே கிடந்த ராத்திரி. அண்ணன் எனக்கு வறுத்த கடலை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இயந்திரம் அதைப் பார்த்திருக்கிறது. வறட்சி முற்றினால் இந்த ஊர் ஒரேயடியாகக் காலியாகும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் மறுநாளே திரும்பி வந்தோமே, அதை ஏன் கற்றுக்கொள்ளவில்லை? அதற்குக் காரணம் நான். மேகம் மூடிய படத்தில் தரை தெரியாது. அப்படிப்பட்ட படங்களைக் கழித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குக் கொடுப்போம். இந்தத் துறையில் எல்லாரும் செய்வதுதான். மழைச்சோறு எடுத்த மறுநாள் மழை வந்திருக்கிறது மதினி. மழை வந்தால் மேகம். மேகம் வந்தால் படம் கழிந்துபோகும். ஆக, நாம் வெளியே போனதை மட்டும்தான் அது பார்த்திருக்கிறது. திரும்பி வந்ததை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பல வாரம் கழித்து வானம் வெளுத்து வெளிச்சம் தெரிந்தபோது, யாரோ புது ஆட்கள் வந்து குடியேறியதாக எழுதிவைத்திருக்கிறது.

கழித்த படங்களைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். மேகத்துக்குள் ஒன்றும் இல்லை. அதே பூஜ்யம்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வருஷம் மழைச்சோறு வேண்டாம். கூட்டத்துக்கு முந்தின நாளான அந்தப் புதன்கிழமை ராத்திரி ஊரில் வெளிச்சம் இருந்தால் போதும், பூஜ்யம் உடைந்துவிடும். வியாழக்கிழமை அதிகாரிக்கு முன்னால் என்னால் தைரியமாகப் பேசமுடியும். ஊர் இருட்டாகிவிட்டால், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இயந்திரம் சொன்னது நிஜமாகிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போடவாவது சொல்லுங்கள்.

ஜீவிதா


மூக்கன்குளம்,
புரட்டாசி 8

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

உன் கடிதங்களை உன் அண்ணன் பார்த்துவிட்டார். அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். கடலை கொடுத்ததை எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கடைசிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஊர்க் கூட்டத்தில் தானே வாசித்தார்.

கிழக்குத் தெருவில் இன்னும் மூன்று வீடு பூட்டிவிட்டார்கள். இப்போது இருப்பது பத்தொன்பது பேர். அத்தனை பேரும் கேட்டார்கள். ஐயாத்துரை மாமாதான் பேசினார்.

"காப்புக் கட்டியாச்சு சௌந்தரபாண்டி. இனி நாள மாத்த முடியாது."

"அப்ப கூப்பிட யாரு இருக்கா?" என்றார் உன் அண்ணன்.

"கூப்பிட ஆள் இல்லன்னா, போறோம்னு சொன்னது போனதுதான். அப்படியே பஸ் ஏற வேண்டியதுதான்."

"நாமளே எந்திரிச்சு வந்தா என்ன மாமா? யாரு வந்து கேக்கப் போறா?"

மாமா உன் அண்ணனைப் பார்க்காமல் எல்லைக்கல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "வரலாம். ஆனா கூப்பிடாம வந்தா, வந்தது நாமளா இருக்காதுப்பா."

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக மாமா பேச்சுக்கு யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்கள்.

எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் மற்றவர்களுக்கு முழு நம்பிக்கை. அவர்கள் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், ஜீவிதா. கஞ்சிப் பானையோடு மூட்டையும் எல்லைக்குப் போகப் போகிறது. உன் அண்ணன்கூட இரண்டு வேட்டியை எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

ஊரில் பிறந்த பெண் என்று இப்போது எஞ்சியிருப்பது நீதான். கூப்பிடவேண்டிய விடிகாலையும் உன் கூட்டமும் ஒரே வியாழக்கிழமை. நீ வராவிட்டால் உன் இயந்திரம் சொன்னது சரியாகிவிடும், அங்கே உன்னை மெச்சுவார்கள். வந்தால் தப்பாகிவிடும். நான் வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். இங்கே என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய், எழுதினேன். அவ்வளவுதான்.

முருகலட்சுமி


பெங்களூரு,
அக்டோபர் 13

அன்புள்ள மதினிக்கு,

கூப்பிட்டு முடித்ததும் சொல்லாமல் ஊரிலிருந்து கிளம்பிவிட்டேன். மன்னியுங்கள். அண்ணன் எதிரில் வந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மழையில் நனைந்தபடியே பரளச்சி வரை நடந்து பஸ் பிடித்தேன்.

அன்று காலை நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருக்கிறது. ஊருக்குள் நுழைந்தபோது இன்னும் முகம் தெரியாத வெளிச்சம். உங்கள் ஏழு வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. கோழிகூட இல்லை. அண்ணன் வீட்டைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்பில் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. நான் திரையில் காட்டிய அந்த வெள்ளைப் புள்ளிக்குள் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் உங்கள் முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஏழு வீட்டுப் பெயரையும் சொல்லவேண்டும் என்றுதான் மனசில் வைத்திருந்தேன். ஆனால் பெயர்கள் அப்படி வரவில்லை மதினி. பள்ளிக்கூடம் விட்டுத் தெருவில் நடந்து வரும்போது வீடுகள் வருமே, அந்த வரிசையில் வந்தன. மாரிக்கனி வீடு. தங்கச்செல்வி வீடு. அடுத்து, அடுத்து என்று ஊர் முடிகிற வரைக்கும். நிறுத்த முடியவில்லை.

போனவர்களுக்காக நீங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னீர்களே, அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "வாரேன்". தங்கச்செல்வி அப்பாவுக்கு யார் பேசினது? அவருடைய அதே கரகரப்பு. அச்சு அசலாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்துக்குப் போகாததற்கு அஷ்லின் மேடம் திட்டவில்லை. நவம்பர் ஏழாம் தேதிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்திருக்கிறார். இதுதான் கடைசி என்றார்.

ஜீவிதா


மூக்கன்குளம்,
ஐப்பசி 2

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

பெயர் விழுந்தவர்கள்தான் பேசவேண்டும். அதுதான் முறை. ஏழு வீட்டுக்கும் அவரவர் பேசினோம். போனவர்கள் பெயரை நீ சொல்லத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஏன் போனவுகளக் கூப்பிடுதா?" என்று உன் அண்ணன் என் காதில் கேட்டார். "சும்மா இருங்க, முடிக்கட்டும்" என்றேன். எங்களுக்கு உன் குரல் ஒன்றுதான் கேட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, யாரோ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு நீ சும்மா நின்றாய். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர்.

உன் குரல் ஓய்வதற்குள் தூறல் விழுந்துவிட்டது. கல்லைத் தாண்டி உள்ளே நடந்தோம். உன் அண்ணன் கடைசியாக வந்தார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது, "எனக்குப் பின்னால வந்தது யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை, நீங்கள்தான் கடைசி என்றேன். "அப்ப சகதியில அத்தனை கால் சத்தம் எப்படி?" என்றார். அவர் முறைப்படி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியம் ஊர்ப் பொதுவில் உப்புப் போட்ட கஞ்சி. நான்தான் காய்ச்சினேன். எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளுக்கு அளந்து போட்ட கை இது. பத்தொன்பது பேருக்கு எவ்வளவு அரிசி என்று கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவேன். தாராளமாகவே போட்டேன். ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றி முடிப்பதற்குள் கரண்டி பானையின் அடியில் தட்டிவிட்டது. "என்னத்தா, சிக்கனமா?" என்று ஐயாத்துரை மாமா கேலி செய்தார். பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

மழை நிற்கவில்லை. மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். உன் அண்ணன் விதைப்புக்குத் தயாராகிறார். "வந்தவ ஒரு வாய் காப்பி குடிக்காமலா போவா? நனைஞ்சு காய்ச்சல்ல கெடப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லச் சொன்னார் என்று வைத்துக்கொள்.

முருகலட்சுமி


பெங்களூரு,
அக்டோபர் 28

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் அறையில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் செய்ததைப் போலவே.

அன்றைக்கு நான் கேட்டது காதால் கேட்டது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் எழுதவேண்டியது வேறு விஷயம்.

இந்தத் திங்கட்கிழமை இயந்திரம் நம் ஊருக்கு இருநூற்றுப் பதினாலு பேர் என்று சொல்கிறது.

நான் எதையும் தொடவில்லை. மூன்று வாரமாக மேகம். மேலிருந்து எடுத்த ஒரு படமும் உதவாது. டவர் கிடையாது. மின்சாரம் ஏழு வீட்டில் மட்டும்தான் எரிகிறது. இதை எதிலிருந்து எடுத்தது என்று அஷ்லின் மேடமும் நானும் ஒரு முழுநாள் தேடினோம். பிடி கிடைக்கவில்லை. மேடம் கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "இந்த எண்ணிக்கை ஒனக்கு எங்கயாவது பாத்த மாதிரி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடச் சுவரில் ஊர் மக்கள் தொகை என்று எழுதியிருக்குமே, அதே எண். அதை நான் இயந்திரத்துக்குக் கொடுக்கவே இல்லை.

ஏழாம் தேதி அதிகாரி வருகிறார். இயந்திரம் சொன்னதை ஊரில் ஒருவர் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும், குழாயைத் திருப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஒருவராக உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். பத்தொன்பது என்று நீங்கள் எழுதினால் இயந்திரம் தப்பு, குழாய் வராது, என் வேலையும் இங்கே முடிந்தது. அது பரவாயில்லை. ஆனால் நமக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக உங்களைப் பொய் சொல்லச் சொல்லவும் மாட்டேன்.

எண்ணிப் பார்த்து, உள்ளதை எழுதுங்கள் மதினி. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

ஜீவிதா


மூக்கன்குளம்,
ஐப்பசி 16

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

உள்ளதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மாரிக்கனி திருப்பூரிலிருந்து டீச்சர் போனுக்குப் பேசினாள். ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். போனை வைக்கிற நேரத்தில், "மதினி, ஒரு நா காலம்பர, ஷிப்டு முடிஞ்சு வந்து அசந்துட்டேன். யாரோ வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டாக. வாரேன்னு சத்தமாச் சொல்லிட்டேன். பக்கத்துல படுத்திருந்த புள்ளைகளெல்லாம் முழிச்சிருச்சு. அதுலருந்து இங்க சாப்பிடுறது, வேலை செய்றது எதுவுமே ஒட்டலை. பாதி ஆளு வேற எங்கயோ இருக்குற மாதிரி இருக்கு" என்றாள். எந்த நாள் என்று கேட்டேன். ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை என்றாள்.

அவள் உயிரோடு இருப்பவள். தங்கச்செல்வி அப்பா அப்படி இல்லை. நீ இரண்டு பேரையும் ஒரே குரலில்தான் கூப்பிட்டாய். கூப்பிடும்போது நீ பிரித்துப் பார்க்கவில்லை. வந்தவர்களும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இன்று காலை தண்ணீர் லாரி வருகிற நாள். மழை பெய்தாலும் ஊருணித் தண்ணீர் இன்னும் கலங்கல்தான். குடிக்க லாரிதான். பூட்டின வீட்டைப் போய் எண்ணுவதற்கு எனக்குக் கால் வரவில்லை. குடத்தை எண்ணினால் ஆளை எண்ணின மாதிரிதானே என்று நினைத்து, வெளுத்ததும் ஊருணிக்கரைக்குப் போனேன். வழக்கமாக எங்கள் ஏழு வீட்டுக் குடம் பத்தடி தூரத்தில் முடிந்துவிடும்.

வரிசை ஊருணிக்கரையிலிருந்து வடக்குத் தெரு திரும்பி அதற்கப்பாலும் போகிறது. பிளாஸ்டிக் குடம், சில்வர் குடம், வாய் நெளிந்த பித்தளைக் குடம். யார் வைத்ததையும் நான் பார்க்கவில்லை. ஐயாத்துரை மாமா கரையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு குடமாகப் பார்த்து, அது எந்த வீட்டுக் குடம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். குரலில் பயம் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தவர்களை விசாரிக்கிற குரல்.

லாரிக்காரன் இறங்கி, "என்னக்கா, ஊருல விசேஷமா? இம்புட்டுக் கொடம்! என் டேங்கி பத்தாதே" என்றான். பாதி வரிசைக்கு ஊற்றினான், தீர்ந்துபோனது. மீதிக் குடங்கள் வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றன.

இருநூற்றுப் பதினாலு என்று எழுதிக்கொள். என் பெயரைப் போட்டுக்கொள். அதில் ஒன்றைக்கூடக் குறைக்காதே. இது பொய்யா நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தவர்களை, நீங்கள் கணக்கில் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதை ஒரு தடவை எங்களுக்குச் சொன்னார்கள். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் குடம் முன்வரிசையில் இருந்தது. லாரி வருவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்தேன். உன் அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, வருகிற வழியில் ஆளில்லாத இடத்தில் யாருக்கோ வழிவிடுவதுபோலக் கொஞ்சம் ஒதுங்கி, என் குடத்துக்குப் பின்னால் வைத்தார்.

முருகலட்சுமி